நிறுத்தி வைத்த எஸ்யூவி-யின் பின் கண்ணாடி ‘தானாக’ நொறுங்குவது ஏன்? செலவு யார் தலையில்? முழு விளக்கம்

கல் விழவில்லை. யாரும் மோதவில்லை. வாசலில் நிற்கும் காரிலிருந்து திடீரென துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் பின்பக்கக் கண்ணாடி மொத்தமும் கற்கண்டு மாதிரி நொறுங்கிக் கிடக்கிறது. முன் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

எஸ்யூவி வைத்திருப்பவர்கள் பல நாடுகளில் சொல்லும் புகார் இது. சர்வீஸ் சென்டருக்குப் போனால், “வெளியில இருந்து ஏதோ பட்டிருக்கும் சார், வாரன்டி வராது” என்கிறார்கள். இன்சூரன்ஸ் பக்கம் போனால், “எப்படி உடைஞ்சுது?” என்று கேட்கிறார்கள். “அதுவா உடைஞ்சுது” என்ற பதிலுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. கடைசியில் செலவு கார் உரிமையாளர் தலையில் விழுகிறது.

உண்மையில் கண்ணாடி தானாக உடையுமா? எஸ்யூவி-யில் மட்டும் ஏன் இந்தப் பேச்சு அதிகம்? உடைந்தால் முதல் வேலையாக என்ன செய்ய வேண்டும்? பார்க்கலாம்.

சுருக்கமாக 4 விஷயங்கள்

• பின் கண்ணாடி ‘டெம்பர்டு’ வகை. அதற்குள் எப்போதும் ஓர் இழுவிசை அடைபட்டே இருக்கிறது.
• காரணமே இல்லாமல் உடைவதில்லை. ஆனால், காரணம் நடந்த நேரமும் உடையும் நேரமும் வேறு வேறாக இருக்கலாம்.
• வெயில் மட்டுமே நல்ல கண்ணாடியை உடைக்காது. ஏற்கெனவே அடிபட்ட கண்ணாடியை உடைக்கும்.
• நொறுங்கிய துண்டுகளைக் கூட்டி அள்ளும் முன் போட்டோ எடுப்பதுதான் மிக முக்கியம்.

முன் கண்ணாடி வேற, பின் கண்ணாடி வேற

பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். தயாரிப்பில் இரண்டும் வேறு சாதி.

முன்பக்கம் இருப்பது லேமினேட்டட் கண்ணாடி. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலம் சாண்ட்விச் போல வைக்கப்பட்டிருக்கும். கல் பட்டால் சிலந்தி வலை மாதிரி விரிசல் விடும். ஆனால் கீழே கொட்டாது. பிரான்ஸ் வேதியியலாளர் எட்வார்ட் பெனடிக்டஸ் 1909-ல் காப்புரிமை பெற்ற யோசனையிலிருந்து வளர்ந்த தொழில்நுட்பம் இது.

பின்பக்கமும், பெரும்பாலான கார்களில் பக்கவாட்டிலும் இருப்பது டெம்பர்டு கண்ணாடி. ஒற்றைத் தகடு. நடுவில் படலம் கிடையாது. உடைந்தால் மொத்தமும் போச்சு. பாதி உடைந்த டெம்பர்டு கண்ணாடி என்று ஒன்று இல்லவே இல்லை.

இப்படி நொறுங்குவது குறை அல்ல, திட்டமிட்டுச் செய்தது. சாதாரணக் கண்ணாடி கத்தி போன்ற நீளத் துண்டுகளாக உடைந்து கழுத்தைக் கிழிக்கும். டெம்பர்டு கண்ணாடி சின்னச் சின்ன மணிகளாக உதிரும். ஐ.நா.வின் வாகனக் கண்ணாடி விதியான ஆர்43, 5 செ.மீ. நீள அகலம் கொண்ட எந்தச் சதுரத்திலும் குறைந்தது 40 துண்டுகள் இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் வாகனப் பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஐ.எஸ். 2553 பகுதி 2 என்ற தர விதி இருக்கிறது.

கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது?

டெம்பர்டு கண்ணாடி செய்ய, சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டிலேயே வளைத்து, இரண்டு பக்கமும் வேகமாகக் காற்றை அடித்துக் குளிர வைப்பார்கள்.

வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும். உள்பக்கம் தாமதமாகக் குளிர்ந்து சுருங்கப் பார்க்கும். ஏற்கெனவே இறுகிய வெளிப்பக்கம் அதை விடாது. விளைவு, வெளிப்பக்கம் நிரந்தரமாக அழுத்தப்பட்ட நிலையிலும் உள்பக்கம் நிரந்தரமாக இழுபட்ட நிலையிலும் சிக்கிக்கொள்கின்றன.

இரண்டு பேர் சம பலத்தில் இழுக்கும் கயிறு போல. வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். கயிறு அறுந்தால்தான் உள்ளே எவ்வளவு பலம் இருந்தது என்று தெரியும்.

இந்த அழுத்தம்தான் கண்ணாடிக்கு சாதாரணக் கண்ணாடியைவிட 4 முதல் 5 மடங்கு வலுவைத் தருகிறது. ஒரு விரிசல் வளர வேண்டும் என்றால் அது முதலில் இந்த அழுத்த அடுக்கைத் தாண்ட வேண்டும். அந்த அடுக்கின் ஆழம் ஒவ்வொரு பக்கமும் தடிமனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 3.5 மி.மீ. தடிமன் கண்ணாடியில் ஏறக்குறைய 0.7 மி.மீ. தான்.

இங்கேதான் சிக்கல். 0.7 மி.மீ.க்குள் நிற்கும் கீறல் ஒன்றும் செய்யாது. அதைத் தாண்டி, இழுவிசை இருக்கும் நடுப்பகுதியை ஒரு முனை தொட்டுவிட்டால் கதை முடிந்தது. உள்ளே அடைபட்ட ஆற்றல் முழுவதும் ஒரே நேரத்தில் வெளியேறும். அந்த ‘டமார்’ சத்தம் அதுதான்.

350 ஆண்டுகளுக்கு முன்பே மன்னரை வியக்க வைத்த துளி

இதே விஷயத்தை 17-ம் நூற்றாண்டிலேயே ஐரோப்பா வேடிக்கை பார்த்தது. உருகிய கண்ணாடியைத் தண்ணீருக்குள் சொட்டவிட்டால், தலைப்பிரட்டை போல வால் கொண்ட ஒரு துளி கிடைக்கும். தலையில் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். ஆனால் மெல்லிய வாலை விரலால் ஒடித்தால் மொத்தத் துளியும் தூளாகிவிடும்.

ரைன் இளவரசர் ரூபர்ட் இதை இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸிடம் கொடுத்தார். மன்னர் அதை 1661-ல் ராயல் சொசைட்டியின் ஆய்வுக்கு அனுப்பினார். இன்றும் அதன் பெயர் ‘இளவரசர் ரூபர்ட்டின் துளிகள்’.

இந்தத் துளி உடைவதை 1990-களில் கேம்பிரிட்ஜ், பர்டியூ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அதிவேக கேமராவில் படம் பிடித்தார்கள். விரிசல் ஓடும் வேகம் வினாடிக்கு சுமார் 1,500 மீட்டர் என்று தெரிந்தது. கார் கண்ணாடியும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான் உடைகிறது. ஒரு மீட்டருக்குச் சற்று அதிக அகலம் உள்ள பின் கண்ணாடி, வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். ‘எங்கிருந்து உடைய ஆரம்பித்தது’ என்று கண்ணால் பார்க்க வாய்ப்பே இல்லை.

அப்போ ‘தானாக’ உடைவதற்கு என்னதான் காரணம்?

1. பழைய காயம்

கண்ணாடியின் பலவீனமான இடம் ஓரம்தான். தயாரிக்கும்போதோ, பொருத்தும்போதோ, வேறு வேலைக்காகக் கழற்றி மாட்டும்போதோ ஓரத்தில் சின்னதாக ஒரு சில்லு போயிருக்கலாம். சாலையில் தெறித்த ஜல்லி ஒரு புள்ளி வைத்திருக்கலாம். அன்று உடையாது. தினமும் வரும் அதிர்வு, சூடு, ஈரம் எல்லாம் சேர்ந்து அந்தப் புள்ளியை மெல்ல ஆழமாக்கும். வாரங்கள் கழித்து, கார் சும்மா நிற்கும்போது எல்லையைத் தாண்டும். அடிபட்ட நாள் ஒன்று, உடைந்த நாள் வேறொன்று.

2. பொருத்திய விதம்

கண்ணாடி பசை வைத்து உலோகச் சட்டத்தில் ஒட்டப்படுகிறது. சட்டம் கொஞ்சம் கோணலாக இருந்தாலோ, ஓரிடத்தில் உலோகம் கண்ணாடியைத் தொட்டாலோ, அந்தப் புள்ளியில் எப்போதும் ஓர் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

3. துளைகளும் கறுப்பு ஓரமும்

சில மாடல்களில் வைப்பருக்காகக் கண்ணாடியிலேயே துளை போட்டிருப்பார்கள். கண்ணாடி மட்டும் தனியாகத் திறக்கும் மாடல்களில் கீலுக்கும் துளை உண்டு. துளையைச் சுற்றித்தான் அழுத்தம் குவியும். ஓரத்தில் தெரியும் கறுப்புப் பட்டை வெறும் பெயின்ட் அல்ல, சூட்டில் கண்ணாடியோடு சேர்த்து உருக்கப்பட்ட பீங்கான் பூச்சு. இந்தப் பூச்சு உள்ள இடத்தில் கண்ணாடியின் வலு குறையும்.

4. டிஃபாகர் கோடுகள்

பின் கண்ணாடியில் படுக்கை வாட்டில் ஓடும் மெல்லிய கோடுகள் மின்சாரத்தில் சூடாகிப் பனியை நீக்குபவை. ஒரு கோட்டிலோ இணைப்பிலோ பழுது இருந்தால் ஓரிடம் மட்டும் அதிகமாகச் சூடாகும். ஏற்கெனவே காயம் உள்ள கண்ணாடிக்கு அது போதும்.

5. நிக்கல் சல்ஃபைடு

இதுதான் நிஜமாகவே ‘தானாக’ என்று சொல்லத்தக்க காரணம். கண்ணாடி தயாரிப்பின்போது நுண்ணிய நிக்கல் துகள், கந்தகத்துடன் சேர்ந்து நிக்கல் சல்ஃபைடு ஆகும். மணல் துகளைவிடச் சின்னதாக உள்ளே தங்கிவிடும். 379 டிகிரிக்கு மேல் இதற்கு ஒரு படிக வடிவம், கீழே வேறு வடிவம். வேகமாகக் குளிர வைப்பதால் மாறுவதற்கு நேரம் கிடைக்காது. அதனால் அறை வெப்பநிலையில் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட மெதுவாக மாறும். மாறும்போது பருமன் 2 முதல் 4 சதவீதம் கூடும். இழுவிசைப் பகுதிக்குள் ஒரு கல் ஊதுவது போல. ஒரு நாள் கண்ணாடி வெடிக்கும்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1958-ல் கட்டிய ஐ.சி.ஐ. ஹவுஸ் என்ற உயரமான கட்டடத்தில் கண்ணாடிகள் உடைந்து விழுந்தபோதுதான் இந்தக் காரணம் பிடிபட்டது. அந்நாட்டு அரசு ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த பேலன்டைன் 1961-ல் இதை விளக்கினார். இன்று கட்டடக் கண்ணாடிகளை மணிக்கணக்கில் சூட்டில் வைத்து, உடைய வேண்டியவற்றை தொழிற்சாலையிலேயே உடைத்துவிடும் சோதனை இருக்கிறது. கார் கண்ணாடி மெல்லியது என்பதால் அதில் இந்தக் காரணம் அரிது. எனவே உடைந்த ஒவ்வொரு கண்ணாடிக்கும் நிக்கல் சல்ஃபைடு மேல் பழி போட முடியாது.

எஸ்யூவி-யில் ஏன் இந்தப் பேச்சு அதிகம்?

செடான் காரில் பின் கண்ணாடி காரின் உடம்போடு ஒட்டப்பட்டு அசையாமல் இருக்கும். டிக்கி தனியாகத் திறக்கும். எஸ்யூவி-யில் அப்படி இல்லை. டிக்கி கதவில்தான் கண்ணாடியே இருக்கிறது. ஒவ்வொரு முறை டிக்கியை ‘டப்’பென்று சாத்தும்போதும் அந்த அடி முழுவதும் கண்ணாடிக்குப் போகிறது. எல்லா ஜன்னலும் மூடியிருந்தால் உள்ளே அடைபடும் காற்றும் சேர்ந்து தள்ளும்.

கூடவே இன்னும் சில விஷயங்கள். எஸ்யூவி-யின் பின்பக்கம் பெரிய திறப்பு. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி இறங்கும்போது அந்தத் திறப்பு லேசாக முறுக்கும். வைப்பர், டிஃபாகர், ஆன்டெனா எல்லாம் அந்த ஒரே கண்ணாடியில் சேர்கின்றன. கண்ணாடி செங்குத்தாக நிற்பதால் பொருட்களை ஏற்றும்போது உள்ளிருந்து இடிபடும் வாய்ப்பும் அதிகம்.

7 சீட்டர் என்றால் கவலை இன்னும் கூடும். மூன்றாவது வரிசையில் பெரும்பாலும் உட்காருவது பிள்ளைகள். அவர்களின் தலைக்குப் பின்னால் சில அங்குலத்தில் இந்தக் கண்ணாடி.

வெயில்ல வெடிச்சிடுமா?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பதில்: வெயிலால் மட்டும் உடையாது.

சாதாரணக் கண்ணாடி சுமார் 40 டிகிரி வெப்ப வித்தியாசத்திலேயே விரிசல் விடலாம். நல்ல டெம்பர்டு கண்ணாடி சுமார் 200 டிகிரி வித்தியாசம் வரை தாங்கும். கோடையில் மூடிய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டலாம். அதன்மேல் ஏசி போட்டாலும் 200 டிகிரி வித்தியாசம் வராது.

அப்புறம் ஏன் மொட்டை வெயிலில் நின்ற காரில் உடைகிறது? பழைய காயம் இருந்தால், 30, 40 டிகிரி வித்தியாசமே கடைசித் தள்ளு கொடுக்கப் போதும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் அப்படித்தான். வெயில் குற்றவாளி அல்ல, கூட்டாளி.

விசாரணைகள் என்ன சொல்கின்றன?

இதே டெம்பர்டு கண்ணாடி, காரின் கூரையில் சன்ரூஃப் ஆக இருக்கும்போது நடந்தவை பதிவாகியிருக்கின்றன.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.ஹெச்.டி.எஸ்.ஏ. 2013-ல் கியா சோரன்டோ எஸ்யூவி-யின் சன்ரூஃப் நொறுங்கும் புகார்களை விசாரிக்கத் தொடங்கியது. 2017-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு, அரசின் புகார்ப் பதிவில் 1995-லிருந்து குறைந்தது 859 சன்ரூஃப் புகார்கள் இருப்பதாகக் கணக்கெடுத்தது. புகார்கள் ஆண்டின் எல்லா மாதங்களிலும் வந்திருந்தன. வெயில்தான் ஒரே காரணம் என்ற வாதம் இங்கேயும் நிற்கவில்லை.

2012-ல் ஹூண்டாய் வெலாஸ்டர் சுமார் 13 ஆயிரம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. தொழிற்சாலையில் பொருத்தும்போதே சன்ரூஃப் கண்ணாடி பலவீனமாகியிருக்கலாம் என்பது காரணம். அதே ஆண்டு ஆடி க்யூ5 எஸ்யூவி-களும் திரும்ப அழைக்கப்பட்டன. அதில் காரணம், கடுங்குளிரில் சன்ரூஃப்பின் முன்பகுதிக் கண்ணாடி உடையலாம் என்பது.

தென்கொரியாவோ கறுப்பு பீங்கான் பூச்சு உள்ள பகுதியின் வலுவைக் கேள்வி கேட்டது. அதன்பின் ஐ.நா. வாகன விதிகள் அமைப்பில் இதற்கென்றே ஒரு குழு அமைந்தது.

‘வெளியிலிருந்து ஏதோ பட்டிருக்கும்’ என்ற பதில் எப்போதும் முழு உண்மை அல்ல என்பதற்கு இந்த ரீகால்களே சாட்சி. அதேசமயம், எல்லாமே கம்பெனியின் குறை என்றும் சொல்லிவிட முடியாது.

ஆதாரம் ஏன் கிடைப்பதில்லை?

உடைந்த கண்ணாடிதான் ஒரே சாட்சி. அதுவோ ஆயிரக்கணக்கான துண்டுகளாகிக் கீழே விழுந்துவிடுகிறது. உடைதல் தொடங்கிய புள்ளியிலிருந்து விரிசல்கள் சூரியக் கதிர் போல விரியும். சட்டத்தில் கண்ணாடி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால், அந்தக் கதிர்களைப் பின்னோக்கிப் பார்த்துத் தொடக்கப் புள்ளியைக் கண்டுபிடிக்கலாம். நிக்கல் சல்ஃபைடு என்றால் அந்த இடத்தில் பட்டாம்பூச்சி இறக்கை போல இரண்டு துண்டுகள் ஒட்டியபடி இருக்கும். ஓரத்திலிருந்து தொடங்கியிருந்தால் பொருத்துதல் மீது சந்தேகம் வரும். நடுவில் தொடங்கி, மேற்பரப்பில் நசுங்கிய தடம் இருந்தால் கல் பட்டிருக்கலாம்.

பயத்தில் முதலில் செய்வது துடைப்பத்தை எடுப்பதுதான். அதோடு வழக்கு முடிந்தது!

உடைந்துவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

• ஓட்டும்போது உடைந்தால் பதறி பிரேக் அடிக்காதீர்கள். ஹசார்ட் லைட் போட்டு, மெதுவாக இடது ஓரம் ஒதுங்குங்கள்.
• பின் சீட்டில் இருப்பவர்களின் கண், தலை, கழுத்துப் பகுதியை முதலில் பாருங்கள். கண்ணில் துகள் என்றால் தேய்க்க வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள்.
• எதையும் தொடும் முன் போட்டோ, வீடியோ எடுங்கள். தூரத்தில் இருந்து ஒன்று, சட்டத்தின் நான்கு மூலைகள், காருக்கு உள்ளே, கீழே தரை என்று தனித்தனியாக. கல் எதுவும் இல்லை என்பதும் படத்தில் தெரிய வேண்டும்.
• டேஷ்கேம், வீட்டு சிசிடிவி, பக்கத்துக் கடை சிசிடிவி பதிவை அன்றே வாங்கி வையுங்கள். சில நாட்களில் அழிந்துவிடும்.
• சட்டத்தில் ஒட்டியிருக்கும் துண்டுகளையும், தயாரிப்பாளர் முத்திரை உள்ள துண்டையும் ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள்.
• கையுறை போட்டு அள்ளுங்கள். சீட் இடுக்குகளில் வாக்குவம் கிளீனர் பயன்படுத்துங்கள்.
• தற்காலிகமாக பாலித்தீன் ஷீட் ஒட்டலாம். அதோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போக வேண்டாம்.

வாரன்டியா, இன்சூரன்ஸா?

முதலில் வாரன்டி. பொதுவாகக் கண்ணாடி உடைவது வாரன்டியில் வராது. ஆனால் தயாரிப்பு அல்லது பொருத்துதல் குறை என்று காட்ட முடிந்தால் கேட்கலாம். புகாரை வாய்வார்த்தையாகச் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். ‘வெளிப்புறத் தாக்கம்’ என்று மறுத்தால், எந்தத் தடயத்தை வைத்து அந்த முடிவு என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து இன்சூரன்ஸ். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் கிடைக்காது. முழுப் பாலிசி இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது என்பது நல்ல செய்தி. கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய தொகை 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய்.

ஆனால் கிளைம் போட்டால் நோ கிளைம் போனஸ் பூஜ்யமாகிவிடும். இதைக் கணக்குப் போடாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உதாரணத்துக்கு, தள்ளுபடிக்கு முன் சொந்த சேதப் பிரீமியம் 15,000 ரூபாய், உங்களுக்கு 50 சதவீத போனஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளைம் போட்டால் போனஸ் மீண்டும் 0, 20, 25, 35, 45 சதவீதம் என்று ஏறித்தான் 50-க்கு வரும். அந்த 5 ஆண்டில் கூடுதலாகக் கட்டுவது 7,500 + 4,500 + 3,750 + 2,250 + 750. மொத்தம் 18,750 ரூபாய். பிரீமியம் மாறாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. கண்ணாடி மாற்றும் செலவு இதைவிடக் குறைவு என்றால் கைக்காசு போடுவதே லாபம். போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுத்திருந்தால் நிலைமை வேறு. அதை முதலில் சரிபாருங்கள்.

இரண்டு பக்கமும் கதவு சாத்தினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். ஒரே மாடலில் பலருக்கு இதே பிரச்னை என்றால் அரசே ரீகால் உத்தரவிட, 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110ஏ பிரிவு வழி செய்கிறது. அதற்குத் தேவை புகார்களின் எண்ணிக்கை. ‘கண்ணாடிதானே, போகட்டும்’ என்று எல்லோரும் விட்டுவிட்டால் அந்தக் கணக்கு ஏறவே ஏறாது.

முன்கூட்டியே தடுக்க முடியுமா?

முழுதாகத் தடுக்க முடியாது. வாய்ப்பைக் குறைக்கலாம்.

• டிக்கியை ஓங்கிச் சாத்தாதீர்கள்.
• டிக்கி ஒரு பக்கம் மட்டும் இடிக்கிறது, மூடும்போது வித்தியாசமாகச் சத்தம் வருகிறது என்றால் அலைன்மென்ட் பாருங்கள்.
• சுமை ஏற்றும்போது கண்ணாடியில் சாயும்படி வைக்காதீர்கள்.
• கார் கழுவும்போது கண்ணாடி ஓரத்தை விரலால் அல்ல, டார்ச் அடித்துப் பாருங்கள். நகத்தில் சிக்கும் அளவுக்குப் புள்ளி இருந்தால் காட்டிவிடுங்கள். முன் கண்ணாடி போல இதை ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.
• வெயிலில் காய்ந்த காரில் குளிர்ந்த நீரை நேரடியாக அடிக்காதீர்கள்.

பிலிம் ஒட்டினால் உடையாதா என்று சிலர் கேட்பார்கள். பிலிம் உடைவதைத் தடுக்காது, துண்டுகள் கொட்டாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் கண்ணாடியில் தனியாக பிலிம் ஒட்ட 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதன்பின் பாதுகாப்புக் கண்ணாடி விதி திருத்தப்பட்டு, தர விதிக்கு உட்பட்ட பிலிம் ஒட்டலாம் என்று 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. எப்படி இருந்தாலும் முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவியே ஆக வேண்டும்.

பின்பக்கமும் லேமினேட்டட் போட்டால் என்ன?

போடலாம். விலை கூடும். இன்னொரு பிரச்னையும் உண்டு. கார் தண்ணீரில் மூழ்கினாலோ கதவு சிக்கினாலோ உடைத்து வெளியேற உதவுவது டெம்பர்டு கண்ணாடிதான். அமெரிக்காவின் ஏஏஏ அமைப்பு 2019-ல் கண்ணாடி உடைக்கும் 6 கருவிகளைச் சோதித்தது. டெம்பர்டு கண்ணாடியை 4 கருவிகள் உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை.

உங்கள் காரில் எந்தக் கண்ணாடி எந்த வகை என்பது அதன் மூலையில் உள்ள முத்திரையிலேயே அச்சாகியிருக்கும். இன்றைக்கே ஒரு தடவை பார்த்து வையுங்கள். அவசரத்தில் எதை உடைத்து வெளியே வர முடியும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்திருப்பது நல்லது.